ஐந்தாவது கிராஸ், எந்த லேஅவுட்?

பெங்களூருக்கு வந்த முதல் மாதங்களில் இந்த ஊரின் முகவரிகள் என்னை மிகவும் அலைக்கழித்தன. மல்லேஸ்வரத்தில் ஒரு 5வது கிராஸ் (குறுக்குத் தெரு) இருக்கிறது, இந்திராநகரிலும் இருக்கிறது, ஜெயநகரிலும் இருக்கிறது. புதிதாக எழும் லேஅவுட்டுகள் (மனைப்பிரிவுகள்) பெரும்பாலும் தங்கள் மெயின்களையும் (முதன்மைத் தெருக்களையும்) கிராஸ்களையும் ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. ஆகவே ஆட்டோவில் ஏறி "5வது கிராஸ்" என்று மட்டும் சொன்னால், எந்த லேஅவுட், எந்த ஸ்டேஜ், எந்த பிளாக் என்று ஓட்டுநர் கேட்பார். ஆனால் அங்கேயே குடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த லேஅவுட்டின் பெயரை ஒருபோதும் சொல்வதில்லை. "5வது கிராஸ் முனையில் இருக்கும் மளிகைக் கடை" என்றாலே போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். பேசுபவரும் கேட்பவரும் ஒரே இடத்தில் நிற்பதால் சொல்லாமல் விட்ட பெயர் தானாகச் சேர்ந்துகொள்கிறது.

ஆர், பைத்தான் போன்ற நிரல் மொழிகளில் கட்டளைக்குக் கட்டளை விடை பெற்றுக்கொண்டே வேலை செய்கிறோமே, அங்கே "வொர்க்கிங் டைரக்டரி" என்று சொல்வது இப்படிச் சொல்லாமல் விட்ட லேஅவுட் பெயரைத்தான். இந்தப் பதிவில் அதைப் பணிக் கோப்புறை என்று எழுதுகிறேன். "விலை.சிஎஸ்வி என்னும் கோப்பைப் படி" (சிஎஸ்வி என்பது அட்டவணையை எளிய எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை) என்று நாம் சொன்னால், எந்தக் கோப்புறையில் உள்ள விலை.சிஎஸ்வி என்று மொழி திருப்பிக் கேட்பதில்லை; அந்த நேரத்தில் தான் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டு தேடுகிறது. அது எங்கே நிற்கிறது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அறிந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அறியாமல் இருந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் ஆர் கற்றுக்கொள்ள வருகிறாள். ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்; இங்கே ஒரு பிஜி விடுதியில் தங்கிப் புள்ளியியல் முதுகலை படிக்கிறாள். அவளுடைய அப்பா பூ விவசாயி. சாமந்தியும் ரோஜாவும் விடியற்காலைக்கு முன்பே வண்டியேறி கே.ஆர். மார்க்கெட்டுக்கு வந்துவிடும். அன்றன்றைக்கு என்ன விலை போயிற்று என்பதை அவர் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். அதைக் கைபேசியில் படம் பிடித்து மகளுக்கு அனுப்புகிறார். அவள் அதைத் தட்டச்சு செய்து அட்டவணையாக்குகிறாள். பாடப் புத்தகத்தில் வரும் எடுத்துக்காட்டுகளைவிட இந்தக் கணக்கில் அவளுக்கு ஆர்வம் அதிகம் என்பதால், நாங்களும் இதையே பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம்.

அவள் கோப்புகளை அடுக்கி வைத்திருந்த முறை பார்ப்பதற்கு மிக ஒழுங்காக இருந்தது. மாதத்துக்கு ஒரு கோப்புறை. ஒவ்வொன்றிலும் விலை என்ற பெயரில் ஒரு சிஎஸ்வி கோப்பு, வரைபடம் என்ற பெயரில் ஒரு நிரல். ஜூலையில் எழுதிய நிரலை அப்படியே நகலெடுத்து ஆகஸ்ட் கோப்புறையில் போட்டு, தலைப்பில் இருந்த மாதத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். ஆகஸ்ட் வரைபடத்தை வரைந்து அப்பாவுக்கு அனுப்பிய அன்று இரவே அவரிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. "வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள் பூ விலை ஏறாம இருக்குமா கண்ணு? உன் கோடு தட்டையாப் போகுதே" என்று கேட்டிருக்கிறார். இந்த ஊரில் வரமகாலட்சுமி பண்டிகைக்கு முன்பு கே.ஆர். மார்க்கெட்டில் ஒருமுறை பூ வாங்கியவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். அவர் நோட்டில் ஏறிய விலையைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். மகளும் அதைச் சரியாகவே தட்டச்சு செய்திருக்கிறாள். படத்தில் மட்டும் அந்த ஏற்றம் இல்லை.

மறுநாள் காலை அவள் கணினியைத் திறந்து, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே நிரலை மறுபடியும் ஓட்டியபோது ஏற்றம் வந்துவிட்டது. இரவில் தட்டையாக இருந்த கோடு காலையில் மலைபோல் எழுந்து நின்றது. "அக்கா, நான் எதையுமே மாத்தல. நேத்து ஒண்ணு வருது, இன்னைக்கு ஒண்ணு வருது. எதை நம்புறது?" என்று ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த கலக்கம் எனக்குப் புரிந்தது. கணக்குத் தவறாக வருவதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரே கணக்கு இருமுறை போட்டால் இரண்டு விடை தருவது, கற்றுக்கொள்பவரின் கால்களுக்குக் கீழே தரையையே அசைத்துவிடும்.

அன்று இரவு என்ன செய்தாள் என்பதை ஒவ்வொரு படியாகத் திரும்பச் செய்து காட்டச் சொன்னேன். முதலில் ஜூலை கோப்புறைக்குப் போய், பழைய வரைபடத்தின் நிறங்களைப் பார்ப்பதற்காக அங்கிருந்த நிரலை இருமுறை சொடுக்கித் திறந்தாள். ஆரில் நிரல் எழுதி ஓட்டும் மென்பொருளான ஆர்-ஸ்டூடியோ திறந்தது. பிறகு ஆகஸ்ட் கோப்புறைக்குப் போய் அங்கிருந்த நிரலைத் திறந்தாள். அது பக்கத்திலேயே இன்னொரு தத்தலாக (டேப்) வந்து நின்றது. ஓட்டினாள். தட்டையான கோடு வந்தது. "இப்போது கன்சோலில் கெட்-டபிள்யூடி என்று கேள்" என்றேன். கன்சோல் என்பது கட்டளைகளைத் தட்டும் பகுதி; ஆர் இப்போது நிற்கும் கோப்புறையைச் சொல்லும் கட்டளை அது. அடைப்புக்குறிகளைப் போட்டு அவள் என்டர் தட்டியதும் திரையில் வந்த பாதை ஜூலை என்று முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிரல் ஆகஸ்ட் ஃபோல்டர்லதானே அக்கா இருக்கு?" என்றாள்.

நிரல் ஆகஸ்டில் இருந்தது. ஆனால் அந்த நிரலை ஓட்டிக்கொண்டிருந்த ஆர் ஜூலையில் நின்றுகொண்டிருந்தது. ஆர்-ஸ்டூடியோ மூடியிருக்கும்போது ஒரு நிரலைச் சொடுக்கித் திறந்தால், அந்த நிரல் இருக்கும் கோப்புறையையே அது பணிக் கோப்புறையாக எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும்போது வேறொரு நிரலைத் திறந்தால் அந்த நிரலின் எழுத்துகள் மட்டுமே திரைக்கு வருகின்றன. ஆர் நிற்கும் இடம் மாறுவதில்லை. மறுநாள் காலை அவள் முதலில் திறந்தது ஆகஸ்ட் நிரல் என்பதால் எல்லாம் சரியாக இருந்தது. பிழைச் செய்தி எதுவும் வராததற்குக் காரணம், இரண்டு கோப்புறைகளிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்ததுதான். கிடை அச்சில் தேதிக்குப் பதிலாக 1 முதல் 31 வரை நாள் எண்களை மட்டும் போட்டிருந்தாள்; ஜூலைக்கும் 31 நாள், ஆகஸ்டுக்கும் 31 நாள். ஆகவே ஜூலையின் விலைகள் ஆகஸ்ட் என்ற தலைப்பின் கீழ் ஒரு சுருக்கம்கூட விழாமல் பொருந்தி உட்கார்ந்துவிட்டன.

"அப்படி ஒரு கோப்பு இல்லை" என்னும் பிழைச் செய்தியைப் பார்த்து ஆர் கற்பவர்கள் எரிச்சலடைவார்கள். நான் அந்தச் செய்தியை மதிக்கிறேன். வழி தெரியாத ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கேட்பதைப் போன்றது அது. நிறுத்தாமல் வேறொரு லேஅவுட்டின் 5வது கிராஸுக்குப் போய், அதே கதவிலக்கம் உள்ள வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருவதுதான் ஆபத்து. அன்று அதைக் கண்டுபிடித்தது கணினியோ நானோ அல்ல. ஆவணியில் பூ விலை எப்படிப் போகும் என்று அறிந்த ஒரு விவசாயி. எல்லாத் தரவுக்கும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார்.

இந்த இடத்தில் சற்று உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. பணிக் கோப்புறை என்பது ஆர் மொழியின் கண்டுபிடிப்பு அன்று, பைத்தானுடையதும் அன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது ஒவ்வொரு புராசஸுக்கும், இயங்குதளம் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும் ஒரு விவரம் அது. லினக்ஸில் வேண்டுமானால் நேரடியாகவே பார்க்கலாம்: பிராக் என்னும் கோப்புறைக்குள் ஒவ்வொரு புராசஸின் எண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது; அதற்குள் சிடபிள்யூடி என்ற பெயரில் உள்ள இணைப்பு, அந்த புராசஸ் இப்போது நிற்கும் கோப்புறையைச் சுட்டிக்கொண்டிருக்கும். ஒரு புராசஸ் இன்னொன்றைப் பிறப்பித்தால், குழந்தை தாய் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு வாழ்க்கையைத் தொடங்குகிறது. பிறகு குழந்தை எங்கே நகர்ந்தாலும் தாய் நகர்வதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பிள்ளைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்னும் சிறிய கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அந்த முதல் வடிவத்தில் இன்றுள்ள நீண்ட பாதைப் பெயர்களே கிடையாது; எந்தக் கோப்பின் பெயரும் நடப்புக் கோப்புறையை வைத்தே புரிந்துகொள்ளப்பட்டது. கிராஸ் எண் மட்டும் இருந்து லேஅவுட்டின் பெயரே இல்லாத ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். கோப்புறை மாற்றுவதற்கு சிஎச்டிர் என்ற சாதாரணக் கட்டளை ஒன்று இருந்தது. பிறகு ஒரு புராசஸ் இன்னொன்றைப் பிறப்பிக்கும் ஃபோர்க் என்னும் வசதியைச் சேர்த்தார்கள். அது நன்றாக வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சிக்கு நடுவே, சிஎச்டிர் வேலை செய்யாமல் போனதைக் கண்டார்கள். நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தும் காரணம் உடனே பிடிபடவில்லை. கடைசியில் விளங்கியது: புதிய முறையில் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு குழந்தை புராசஸ் ஓட்டுகிறது, சிஎச்டிர் அந்தக் குழந்தையின் இடத்தைச் சரியாகவே மாற்றுகிறது, மாற்றிய மறுகணம் குழந்தை முடிந்துபோகிறது, தாயாகிய ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் பிறகு கோப்புறை மாற்றும் கட்டளையை ஷெல் தனக்குள்ளேயே நிறைவேற்றும்படி செய்தார்கள். ரிச்சியே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இதே தடுமாற்றம், நிரலைச் செல் எனப்படும் துண்டுகளாக எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் தினமும் நடக்கிறது. நோட்புக்கின் ஒரு செல்லில் ஆச்சரியக்குறி போட்டு சிடி (கோப்புறை மாற்றும் கட்டளை) என்று எழுதினால், அந்தக் கட்டளை ஒரு தனி ஷெல்லில் ஓடி, அந்த ஷெல் இடம் மாறி, உடனே மறைந்துவிடும். அடுத்த செல்லில் பார்த்தால் நோட்புக் பழைய இடத்திலேயே இருக்கும். சதவீதக் குறி போட்டு சிடி என்று எழுதினால்தான் நோட்புக்கை ஓட்டும் பைத்தானே நகரும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, தாய் நகர்கிறாளா குழந்தை நகர்கிறதா என்று சொல்லிக்கொடுத்தால் அது மறப்பதில்லை.

அந்தப் பெண்ணின் கதைக்குத் திரும்புகிறேன். காரணம் தெரிந்ததும் அவள் செய்ய நினைத்தது எல்லோரும் செய்வதுதான்: ஒவ்வொரு நிரலின் முதல் வரியிலும் இடம் மாற்றும் செட்-டபிள்யூடி கட்டளையைப் போட்டு, அந்த மாதத்தின் முழுப் பாதையையும் எழுதிவிடுவது. உடனடி வலிக்கு அது மருந்துதான். ஆனால் நான் அதை அனுமதிக்கவில்லை. முழுப் பாதை என்பது அவளுடைய மடிக்கணினியில், அவளுடைய பயனர் பெயருக்குக் கீழே, அவள் இன்று வைத்திருக்கும் இடத்தில் மட்டுமே உண்மை. அதே நிரலை என் கணினிக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே நின்றுவிடும். அவளே அடுத்த ஆண்டு மடிக்கணினியை மாற்றினாலோ, கோப்புறைகளை ஒன்டிரைவுக்குள் நகர்த்தினாலோ அத்தனை நிரல்களையும் திறந்து திருத்த வேண்டும். ஆகஸ்ட் நிரலை நகலெடுத்து செப்டம்பருக்கு வைக்கும்போது அந்த முதல் வரியை மாற்ற மறந்தால், இப்போது நடந்த அதே பிழை திரும்பவும் சத்தமில்லாமல் நடக்கும். ஆர் உலகில் நன்கு அறியப்பட்ட ஜென்னி பிரையன் 2017-இல் இந்த வழக்கத்தை மிகக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

விண்டோஸில் முழுப் பாதையை எழுதுவதில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. விண்டோஸ் கோப்புறைகளுக்கு நடுவே பின்சாய்கோடு போடுகிறது. ஆரிலும் பைத்தானிலும் மேற்கோள் குறிகளுக்குள் வரும் பின்சாய்கோட்டுக்கு வேறு பொருள் உண்டு. சி டிரைவிலிருந்து யூசர்ஸ் என்று தொடங்கும் பாதையை அப்படியே ஒட்டினால், பின்சாய்கோடும் பெரிய யு எழுத்தும் சேர்ந்து யூனிகோட் எழுத்து ஒன்றின் தொடக்கமாகக் கருதப்பட்டு, இரண்டு மொழிகளிலும் பிழை வரும். அந்தப் பெண் தன் தரவையெல்லாம் டி டிரைவில் "தோட்டம்" என்னும் கோப்புறையில், பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்திருந்தாள். பின்சாய்கோட்டை அடுத்து அந்தப் பெயரின் முதல் ஆங்கில எழுத்து வந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரு டேப் இடைவெளியாக மாறிவிட்டன. கண்ணுக்குப் பாதை சரியாகவே தெரிகிறது, கோப்புறையும் அங்கே இருக்கிறது, ஆனால் ஆர் அங்கே போக முடியவில்லை என்கிறது. முன்சாய்கோடு போட்டு எழுதினால் விண்டோஸிலும் இரண்டு மொழிகளும் ஏற்றுக்கொள்ளும். 2020-இல் வந்த ஆர் 4.0.0 முதல், மேற்கோளுக்கு முன் ஆர் எழுத்தைப் போட்டு, உள்ளே அடைப்புக்குறிக்குள் பாதையை எழுதினால் பின்சாய்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

முழுப் பாதை வேண்டாம் என்றால், இரண்டு புள்ளிகளைப் போட்டு "ஒரு படி மேலே போ" என்று சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். நோட்புக்கின் ஒரு செல்லில் அப்படி எழுதிய கட்டளையை ஒருமுறை ஓட்டினால் ஒரு படி மேலே போகும். அதே செல்லை இன்னொருமுறை ஓட்டினால் இன்னொரு படி மேலே போகும். செல்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பதே நோட்புக்கின் பயன் என்னும்போது, எத்தனை முறை ஓட்டினோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும் கட்டளையை அதற்குள் வைப்பது சரியில்லை. நான்கு முறை ஓட்டியவருக்கும் ஒருமுறை ஓட்டியவருக்கும் ஒரே நோட்புக் வெவ்வேறு பொருள் தரும்.

என்னுடைய கருத்து இதுதான்: எங்கே நிற்பது என்பதை அமர்வு தொடங்கும்போது நிரலுக்கு வெளியே ஒரே ஒருமுறை தீர்மானித்துவிட வேண்டும், நிரலுக்குள் இடம் மாறவே கூடாது, அந்த இடத்திலிருந்து எந்தக் கோப்புக்கு எப்படிப் போவது என்பது மட்டுமே நிரலில் இருக்க வேண்டும். வேலையின் தலைக் கோப்புறையே அந்த இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் தோட்டத்தை நாங்கள் மறுபடியும் அடுக்கினோம். மாதக் கோப்புறைகளைக் கலைத்தோம். தோட்டத்துக்குள் தரவுக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று என மூன்று கோப்புறைகள் வைத்தோம். விலைக் கோப்புகளின் பெயரிலேயே ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தோம். இனி இரண்டு கோப்புகளுக்கு ஒரே பெயர் வர வழியில்லை. பன்னிரண்டு நிரல்களுக்குப் பதிலாக, மாதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரே நிரல். கிடை அச்சில் நாள் எண்ணை எடுத்துவிட்டு முழுத் தேதியைப் போட்டோம். பணிக் கோப்புறையைப் பற்றி இத்தனை எழுதினாலும், பாதிப் பாதுகாப்பு இந்தப் பெயர் மாற்றத்திலேயே வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு ஆர்-ஸ்டூடியோவில் தோட்டத்தை ஒரு பிராஜெக்ட் ஆக்கினோம். தலைக் கோப்புறையில் ஆர்-பிராஜ் என்று முடியும் ஒரு சிறிய கோப்பு உருவாகிறது. இனிமேல் நிரலைச் சொடுக்காமல் அந்தக் கோப்பைச் சொடுக்கித் திறக்க வேண்டும். திறந்தவுடன் பணிக் கோப்புறை தோட்டமாகவே இருக்கும், எந்த நிரலை எத்தனை தத்தல்களில் திறந்தாலும் மாறாது. இரண்டு பிராஜெக்டுகளில் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு ஆர்-ஸ்டூடியோ சாளரங்களைத் தனித்தனியாகத் திறக்கலாம். ஒவ்வொன்றும் தனி புராசஸ் என்பதால் ஒன்றின் இடம் மற்றதைத் தொடாது. கன்சோலின் தலைப்பகுதியில் பணிக் கோப்புறையின் பாதை எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதை அன்று வரை அவள் கவனித்ததில்லை. இப்போது வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை அங்கே பார்க்கிறாள்.

இதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் கிரில் முல்லர் எழுதிய ஹியர் என்னும் ஆர் பொதி (பேக்கேஜ்) இருக்கிறது. தன்னை ஏற்றியபோது ஆர் நின்ற இடத்திலிருந்து படிப்படியாக மேலே ஏறிப் போய், பிராஜெக்ட் கோப்போ கிட் (நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கருவி) களஞ்சியமோ இருக்கும் தலைக் கோப்புறையைத் தானே கண்டுபிடித்து, அங்கிருந்து பாதையைக் கட்டிக் கொடுக்கும். உட்கோப்புறை ஒன்றில் நிற்க நேர்ந்தாலும் நிரல் தடுமாறாது. பைத்தானில் இதே வேலையைச் செய்ய, 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து கூடவே வரும் பாத்லிப் என்னும் மாட்யூலை (துணை நிரல் தொகுப்பு) கொண்டு நான்கைந்து வரிகளில் ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளலாம். தனி நிரலாக ஓட்டும்போது நிரல் கோப்பின் இடத்தை பைத்தானே சொல்லும். நோட்புக்கில் அந்த விவரம் கிடைக்காது என்பதால், நடப்பிடத்திலிருந்து மேலே ஏறி அடையாளக் கோப்பைத் தேடும் முறையே இரண்டுக்கும் பொருந்துகிறது. தவிர்க்கவே முடியாமல் இடம் மாற வேண்டி வந்தால், போன வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆரின் செட்-டபிள்யூடி, இடம் மாறும்போது பழைய இடத்தின் பெயரைத் திருப்பித் தருவது அதற்காகத்தான். பைத்தான் 3.11 இதற்கென்றே வித் சொல்லோடு பயன்படுத்தும் ஒரு வசதியைச் சேர்த்தது. ஆனால் பணிக் கோப்புறை புராசஸ் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், பல த்ரெட்கள் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடும் நிரலில் ஒன்று இடம் மாறினால் எல்லாமே மாறிவிடும்.

ஒவ்வொரு கருவியும் தன் அமர்வை எங்கே தொடங்குகிறது என்பதை ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஜூப்பிட்டர், நோட்புக் இருக்கும் கோப்புறையில் தொடங்கும். விஎஸ் கோட் என்னும் நிரல் எழுதும் மென்பொருளில் நோட்புக் தன் கோப்புறையிலும், டெர்மினலில் ஓட்டும் நிரல் நாம் திறந்த தலைக் கோப்புறையிலும் தொடங்கும். ஒரே கருவிக்குள் இரண்டு வழக்கம். எழுத்தும் நிரலும் கலந்த ஆர் மார்க்டவுன் ஆவணத்தை முழுவதுமாக நெய்யும்போது (ஓட்டி அறிக்கையாக்கும்போது) ஆவணத்தின் கோப்புறையே பணிக் கோப்புறை. நடுவில் ஒரு துண்டில் இடம் மாற்றினாலும் அந்தத் துண்டு முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இணையத்தில் ஓடும் நோட்புக்கான கூகுள் கோலாபில் கன்டென்ட் என்னும் கோப்புறை. அமர்வு முடிந்தால் அங்கே எழுதியதெல்லாம் போய்விடும், டிரைவை இணைத்து அதற்குள் எழுதியது மட்டுமே மிஞ்சும். அலைக்குறி போட்டால் விண்டோஸில் ஆருக்கு அது டாக்குமென்ட்ஸ் கோப்புறை, பைத்தானிலோ அதை விரிக்கும்படி சொன்னால் அதற்கு ஒரு படி மேலே உள்ள பயனர் கோப்புறை.

பணிக் கோப்புறை தரவைப் படிக்க மட்டும் பயன்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரை மூடும்போது "அமர்வைச் சேமிக்கவா" என்ற கேள்விக்கு ஆம் என்றால், நினைவில் உள்ள எல்லாப் பொருள்களும் அங்கேயே ஒரு மறைகோப்பாக எழுதப்படும்; அடுத்தமுறை அங்கே தொடங்கினால் கேட்காமலே திரும்ப ஏற்றப்படும். ஜூலையில் நின்றுகொண்டு சேமித்த அட்டவணை ஒன்று ஆகஸ்ட் வேலைக்கு நடுவே உட்கார்ந்திருக்க இதுவும் ஒரு வழி. அந்தச் சேமிப்பையும் ஏற்றத்தையும் ஆர்-ஸ்டூடியோவின் அமைப்புகளில் நிறுத்தி வைத்தோம். பைத்தானின் கன்சோலில் மாட்யூல்களைத் தேடும் வரிசையில் முதலிடம் நடப்புக் கோப்புறைக்குத்தான். அங்கே ரேண்டம் என்ற பெயரில் நாம் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தால், பைத்தானுடைய ரேண்டம் மாட்யூலுக்குப் பதிலாக நம்முடையதே வந்து நிற்கும்.

என் வேலையிலும் இது ஒருமுறை நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், இரவு தானாக ஓடும்படி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் ஒரு நிரலை வைத்தேன். என் கையால் ஓட்டியபோதெல்லாம் சரியாக ஓடியது. கிரான் தன் வேலைகளைப் பயனரின் வீட்டுக் கோப்புறையில் நின்று தொடங்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நிரல் விடையை எழுதிய கோப்புகள் ஒவ்வொரு இரவும் வீட்டுக் கோப்புறையில் சேர்ந்துகொண்டிருந்தன. அறிக்கைக் கோப்புறையில் நான் கையால் ஓட்டிய கடைசி நாளின் கோப்பே இருந்தது. அதை எல்லோரும் புதியது என்று நம்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். யார் கேட்டும் அது வெளிவரவில்லை. வட்டில் இடம் குறைகிறதே என்று பார்க்கப் போனபோதுதான் வெளிவந்தது. அந்த வாரங்களில் அந்த எண்களை வைத்து எடுத்த முடிவுகளை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது. அதனால்தான் அந்தப் பெண்ணிடம் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு மதியம் முழுவதையும் செலவிட்டேன்.

போன வாரம் அவள் தோட்டம் முழுவதையும் சுருக்கி எனக்கு அனுப்பினாள். என் மடிக்கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். விரித்து, பிராஜெக்ட் கோப்பைத் திறந்து, நிரலை ஓட்டினேன். கோப்பு இல்லை என்று முதல் வரியிலேயே நின்றது. பாதையை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது தெரிந்தது: டேட்டா என்று ஆங்கிலத்தில் எழுதிய கோப்புறைப் பெயரின் முதல் எழுத்து வட்டில் பெரிய எழுத்தாகவும், நிரலில் சிறிய எழுத்தாகவும் இருந்தது. விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்புறைகள். நானே திருத்திவிட்டிருக்கலாம், ஆனால் அவளை அழைத்துச் சொன்னேன். கோப்புறைகளின் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு அரைமணி நேரத்தில் மறுபடியும் அனுப்பினாள். இம்முறை ஓடியது. ஆகஸ்டைக் கேட்டேன், விரதத்துக்கு முந்தைய நாளில் சாமந்தியின் கோடு செங்குத்தாக ஏறி நின்றது, அதன் கீழே முழுத் தேதியோடு.